குளம் பெருகிட்டா?

திருநெல்வேலிச் சீமையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்றால் ஊட்டிக்காரர் சிரிப்பார். ஸ்வெட்டர் கிடையாது, மஃப்ளர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை, மார்கழி பனி, தை பிறந்தால் காற்று. அவ்வளவுதான் எங்கள் குளிர். தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, கருப்பட்டிக் காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் குளத்துக்கரைக்கு நடந்தால் ஆயிற்று. பறவை பார்க்கப் போகிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. மாடு குளிப்பாட்டப் போனோம், காலைக்கடனுக்குப் போனோம், தண்ணீர் எம்புட்டு நிற்கிறது என்று பார்க்கப் போனோம். போன இடத்தில் அவை நின்றன.

நீரும் அப்படித்தான் போயிருப்பீரு. ஊர் வேறாக இருக்கலாம். கரையில் நின்ற பனையும் உடைமரமும் வேறாக இருந்திருக்காது.

பம்பாயில் கடை வைத்திருந்த பெரியப்பா அடிக்கடி இன்லண்ட் கடிதம் போடுவார். ‘நலம், நலமறிய அவா’ முடிந்ததும் அடுத்த வரி ‘குளம் பெருகிட்டா?’ என்றுதான் இருக்கும். கல்யாணம், கேஸு, வரப்புத் தகராறு எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்பா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவது நான். ‘பெருகி மறுகால் பாயுது. நாரை எறங்கியாச்சு.’ பெரியப்பாவுக்கு வேண்டிய சேதி அத்தனையும் அதிலேயே போய்விடும். பிசானம் நட்டாயிற்று, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, மாட்டுக்குப் புல் இருக்கிறது, இந்த வருஷம் ஊருக்கு அதிகமாகப் பணம் அனுப்ப வேண்டியிருக்காது.

எங்கள் பக்கம் ஆற்றைவிடக் குளத்துக்குத்தான் பேச்சு அதிகம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். அணைக்கட்டிலிருந்து கால் பிரியும், கால் குளத்தில் விழும், குளம் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போகும். மேலக்குளம் நிறையும் வரைக்கும் கீழக்குளத்துக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கெல்லாம் பறவைகளுக்கும் அத்துப்படி. ஆழத்தில் நாமக்கோழி, வாத்து. முழங்கால் தண்ணீரில் நாரையும் கரண்டிவாயனும். ஓரச் சகதியில் உள்ளான். கார்த்திகையில் குளம் முட்ட முட்ட நிற்கும்போது உள்ளானுக்கு அங்கே சோலி இல்லை, தொளி அடித்த வயலில் கிடக்கும். தை மாதம் தண்ணீர் இறங்கிச் சகதி தெரிந்ததும் மொத்தமும் குளத்துக்கு வந்துவிடும். உள்ளான் எந்த ஓரத்தில் நடக்கிறது என்று பார்த்துவிட்டே, இன்னும் எத்தனை நனைப்புக்குத் தண்ணீர் தாங்கும் என்று சொல்லிவிடுவார் மடைத் தாத்தா.

மடைத் தாத்தா எங்கள் குளத்துக்கு நீர்பாய்ச்சி. தோளில் மண்வெட்டி, இடுப்பில் ஈரக் கோவணம், காதிடுக்கில் ஒரு துண்டு பீடி. மார்கழி விடியலில், கோயில் மைக்செட் திருப்பாவை பாடத் தொடங்கும் நேரத்தில், மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் முங்கி மடையைத் திறந்துவிட்டு எழுந்து வருவார். உடம்பு நடுங்கும்; பேச்சு நடுங்காது. சேறு, அழுகின கோரை, மீன் கவுச்சி, எருமை, பீடி எல்லாம் கலந்து அவரிடமிருந்து ஒரு வாடை வரும். குளத்து வாடை என்றே அதை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவரிடம் பறவைப் பெயர்கள் ரொம்ப இருந்ததில்லை. சின்னதெல்லாம் உள்ளான், நடுத்தரம் எல்லாம் தாரா, பெரிதெல்லாம் நாரை. கூழைக்கடா மட்டும் கூழைக்கடா. ஆனால் எது எந்த மாதம் வரும், எது ராத்திரியில் மேயும், எது எழும்பினால் கூட்டமே எழும்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். “கரையேறுததுக்கு முன்னால குனிஞ்சு வாங்கடே. தலை தெரிஞ்சா போச்சு, அம்புட்டும் எந்திச்சிரும்” என்பார். நாங்கள் குனிந்து, பிறகு தவழ்ந்து, கரையின் உச்சியில் தாடையை மண்ணில் வைத்துக்கொண்டு பார்ப்போம். முகத்துக்கு நேரே நெருஞ்சி. அதற்கப்பால் வெயில் படாத தண்ணீர். வால் ஊசியாக நீண்டது, அலகு தட்டையாக அகன்றது, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டது என்று வாத்துகள் மிதக்கும். யாராவது ஒருவன் தும்முவான். அவ்வளவுதான். தண்ணீரை உதைத்துக்கொண்டு மொத்தமும் எழும்பும். அந்த இரைச்சல் அடங்க ஒரு பீடி நேரம் ஆகும். தும்மியவனுக்கு அன்றைக்குப் பனங்கிழங்கில் பங்கு கிடையாது.

பனங்கிழங்கு என்றதும் வாயில் ஊறுகிறதா, வே? அதுவும் தைமாதச் சமாச்சாரம்தானே. மஞ்சள் போட்டு அவித்ததை ஓலைக்கொட்டானில் அள்ளிப் போட்டுக்கொண்டு, நாரை உரித்து உரித்துத் தின்றபடி கரையில் உட்கார்ந்திருப்போம். நான் சொல்வது கிழங்கின் நார், பறவையைச் சொல்லவில்லை.

ராத்திரி ஒரு சத்தம் வரும். கட்டிலை முற்றத்தில் போட்டு, பனிக்குப் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருக்கும்போது, ஓட்டுக்கு மேலே உயரத்தில் கனத்த குரலில் கூப்பிட்டுக்கொண்டு ஒரு வரிசை போகும். ஆச்சி, “அவிய மேயப் போறாவ” என்பாள். மரியாதைப் பன்மைதான். பகல் முழுக்கக் குளத்து நடுவில் சும்மா மிதந்துவிட்டு இருட்டினதும் வயல்காட்டுக்குப் போகிற அந்த வாத்துகளை வரித்தலை வாத்து என்று புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிறவை. மங்கோலியாவில் கழுத்தில் பட்டை மாட்டிவிட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் கண்டிருக்கிறார்கள். இந்த விவரம் எதுவும் ஆச்சிக்குத் தெரியாது. வடக்கே எங்கிருந்தோ வருகிறார்கள் என்பது மட்டும் தெரியும். காசிக்கும் வடக்கே என்பாள். காசிக்கு வடக்கே அவளுக்கு ஊர் கிடையாது.

சித்தியைக் கட்டிக்கொடுத்திருந்தது கூந்தன்குளத்தில். பாளையங்கோட்டையில் ஏறி மூலைக்கரைப்பட்டியில் இறங்கி, அங்கிருந்து நடை. ஊர் கண்ணில் படுமுன்பே மூக்கில் படும். எச்சமும் மீன்வாடையும் சேர்ந்த அந்த நெடி முதல் நாள் குமட்டும், மறுநாள் பழகிவிடும், திரும்பி வந்த பிறகும் சட்டையில் இருக்கும். குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டியது போக, இடம் போதாமல் ஊருக்குள்ளும் வந்துவிடும். வேம்பு, புளி, பூவரசு என்று வாசல் மரங்களிலெல்லாம் நாரைக்கூடு. கூரை, திண்ணை, மாட்டின் முதுகு, கொடியில் காயும் சேலை எல்லாவற்றிலும் வெள்ளை. தண்ணீர்ப் பானைக்கு ஓலை மூடி போடாமல் யாரும் வைப்பதில்லை. முற்றத்தில் வடகம் போடுவதைச் சித்தி கல்யாணமான வருஷத்தோடு விட்டுவிட்டாள். “சங்கடமா இல்லையா?” என்று அம்மா ஒருதரம் கேட்டதற்கு, “தலைப்பிரசவத்துக்கு வந்த புள்ள மாதிரிலா இருக்கு. வெரட்டவா முடியும்?” என்றாள்.

சித்தி வீட்டுத் திண்ணையில் படுத்தால் தலைக்கு மேலேயே கூடு. புத்தகம் இந்த நாரையைச் சங்குவளை நாரை என்கிறது. மஞ்சள் அலகு, சிவந்த மொட்டை முகம், வாலோரம் ரோஜா நிறம். வளர்ந்த நாரைக்குத் தொண்டையில் குரல் கிடையாது, அலகை டக்டக்கென்று தட்டும், அவ்வளவுதான். கத்துவதெல்லாம் குஞ்சுதான். தாய் வந்து கூட்டு விளிம்பில் கால் வைத்ததும் மூன்று குஞ்சும் தலையை ஆட்டி ஆட்டி இரையும். தாய் அலகைத் தாழ்த்திக் கூட்டுக்குள்ளேயே மீனைக் கக்கும். சிலேபிக் கெண்டை ஒன்று தப்பி என் பக்கத்தில் ‘சொத்’தென்று விழும், பூனை ஓடிவரும். மத்தியானம் வெயில் ஏறினதும் தாய் அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றும். பிறகு வெயிலுக்கு முதுகைக் காட்டி இரண்டு சிறகையும் விரித்து நிற்கும். நிழல் குஞ்சுகள் மேல் விழுகிறதா என்று பார்த்து இரண்டொரு அடி நகர்ந்துகொள்ளும். சாயங்காலம் வரை இதே வேலை. எனக்கும் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதே வேலை.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை ஊர்ப் பிள்ளைகள் எடுத்துவந்து வளர்ப்பார்கள். பிறகு அப்படி விழுந்த குஞ்சுகளைப் பராமரிக்க ஒரு கூடமும் வந்தது. தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி கிடையாது. சித்தி பிள்ளைகள் வெடி வெடிக்கவென்றே எங்கள் ஊருக்கு வருவார்கள். 1994-ல் அரசாங்கம் கூந்தன்குளத்தைச் சரணாலயமாக அறிவித்தது. 129 ஹெக்டேர், பக்கத்திலுள்ள காடன்குளமும் சேர்த்தி. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாகச் சேதி வந்தது. அரசாங்கம் சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பே ஊர் சொல்லியாயிற்று. புண்ணியத்துக்காக மட்டும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எச்சம் விழுந்து ஊறிய தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் வேறு வேண்டாம். கோடையில் குளம் வறண்டதும் கரம்பையை வெட்டி வண்டி வண்டியாக அடிப்பார்கள். நாரை வராத வருஷம் மழையும் இல்லை, விளைச்சலும் இல்லை. அந்த ஊர்க்காரர் கணக்கு அது.

எல்லா ஊரும் கூந்தன்குளம் இல்லை. எங்கள் ஊரிலேயே கண்ணி வைப்பவர்கள் இருந்தார்கள். கொக்கைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று விற்றதை நீரும் பார்த்திருப்பீரு. 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு அது வந்து சேரக் காலம் பிடித்தது. மடைத் தாத்தாவே சளிக்கு நல்லது என்று உள்ளான் கறி தின்றவர்தான். ஆனால் கூடு வைத்த மரத்தடியில் கண்ணி வைத்தவனை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டியதும் அவர்தான். இரண்டுக்கும் நடுவே அவர் எங்கே கோடு போட்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியும்.

மார்கழி முழுக்க வாசல் கோலத்தின் நடுவே சாணியில் பூசணிப்பூவைச் செருகி வைப்பாள் அக்கா. சாயங்காலம் அதையெல்லாம் எடுத்துத் தட்டிச் சுவரில் காயப்போடுவாள். தை பிறந்ததும் சிறுவீட்டுப் பொங்கல். களிமண்ணில் சின்னதாக வீடு கட்டி, அதற்கு வாசலும் அடுப்பும் வைத்து, பொம்பளைப் பிள்ளைகள் பொங்கலிட்டு, அந்தப் பூத்தட்டையும் பொங்கலையும் கொண்டுபோய்க் குளத்தில் விடுவார்கள். குலவை, சிரிப்பு, பச்சைமஞ்சள் வாசனை. பயல்கள் நாங்கள் தூரத்தில் நின்றுகொண்டிருப்போம், மிச்சப் பொங்கலுக்காக. சோறு மிதந்து போகிற பக்கம் மீன் துள்ளும். மீன் துள்ளுகிற இடத்துக்கு மேலே ஆலாக்கள் வந்து வட்டமடிக்கும். ஒரு ஆலா சட்டென்று தாழ்ந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு எழும். பிள்ளைகள் எல்லாரும் ‘ஓ’ என்பார்கள். இன்றைக்கு அந்தப் படித்துறையில் படி இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் பாட்டில்கள் தெரிகின்றன. சிறுவீட்டை டைல்ஸ் தரையில் கட்ட முடியாது என்று அக்கா பேத்திக்கு அந்தப் பழக்கமே இல்லை.

தைப்பூசத்துக்குத் திருப்புடைமருதூர் போவோம். நாறும்பூநாதர் கோயில், தீர்த்தமாடக் கூட்டம், ஆற்றோரம் மருதமரங்கள். அந்த மரங்களிலும் ஊருக்குள் நிற்கும் இலுப்பையிலும் கொக்கும் நாரையுமாகக் கூடு. கீழே கொட்டுமேளம், மேலே அதன்பாட்டுக்குக் குடித்தனம். அந்த ஊர்க்காரர்கள் தாங்களே முன்வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். இந்தியாவிலேயே முதல் பாதுகாப்புக் காப்பகம் என்று 2005-ல் அதை அறிவித்தார்கள். மொத்தப் பரப்பு 2.84 ஹெக்டேர். எங்கள் ஊரில் ஒரு நடுத்தரச் சம்சாரிக்கு இருந்த நிலம் அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. பெரிய காட்டை வேலி போட்டுக் காப்பது ஒரு வகை. நாலு தெருவும் ஒரு கோயிலும் உள்ள இடத்தில், தலையில் எச்சம் விழுவதைப் பொறுத்துக்கொண்டு காப்பது வேறு வகை. எனக்கு மதிப்பு இரண்டாவதன் மேல்தான்.

இனி டவுனுக்கு வாரும். நயினார்குளத்தில் அமலைச்செடி மண்டிக் கிடக்கிறது. அதன் மேலேயே நடந்து நீலத்தாழைக்கோழி பிழைத்துக்கொள்கிறது. முங்கி மீன் பிடிக்கிற பாம்புத்தாராவுக்குத்தான் திண்டாட்டம். வேய்ந்தான்குளத்தில் புதிய பஸ் ஸ்டாண்டு. அது முன்பு குளமாக இருந்தது என்பது அங்கே பஸ்ஸுக்கு நிற்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. மிச்சமிருக்கிற தண்ணீரில் இப்போதும் மார்கழியில் சில வாத்துகள் வந்து இறங்கத்தான் செய்கின்றன. எங்கள் ஊர்க் குளத்துக்கரையில் தார் போட்டு, விளக்கும் போட்டாயிற்று. நடைப்பயிற்சிக்காரர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேகவேகமாகப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் சர்க்கரை இருக்கிறது. ஆனால் ஒருவர்கூடக் குளத்துப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. போன மார்கழியில் பெரியப்பா மகன் மும்பையிலிருந்து போன் பண்ணினான். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டான்: “நம்ம குளத்தங்கரைப் பக்கம் பிளாட் என்ன விலை போகுது?”

பறவைகள் வராமல் போய்விட்டன என்று சொல்ல மாட்டேன், அது பொய். மழை பெய்த வருஷங்களில் இன்றும் வருகின்றன. சாயங்காலம் ஹைவேயின் இரு பக்கமும் சூறைக்குருவிக் கூட்டம் வானத்தில் சுருண்டு விரிவதை லாரி டிரைவர்கள்கூட வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். பார்க்க வருகிறவர்களும் அதிகம்தான். நீண்ட லென்ஸ், முக்காலி, காக்கி உடுப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிகிறது. கருவால் மூக்கனையும் பச்சைக்காலியையும் இறகு நிறத்தை வைத்தே பிரித்துச் சொல்கிறார்கள். மடைத் தாத்தா இருந்தால் வாயைப் பிளந்திருப்பார். ஆனால் அவர்கள் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறார்கள். குளத்துக்கு நூறடி தள்ளிக் குடியிருக்கிறவருக்கு நாரை இறங்கினது இப்போது சேதி இல்லை. மடைக்கு ஷட்டர் போட்டாயிற்று, முங்க வேண்டியதில்லை. நீர்பாய்ச்சி வேலைக்கு ஆளும் இல்லை. உள்ளான் எந்த ஓரத்தில் நடக்கிறது என்று யாருக்காவது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அதனால்தான் ஒன்று சொல்கிறேன், கேளும். 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துகிறது. எவரும் சேர்ந்துகொள்ளலாம். பெயர் சொல்ல அவர்களிடம் ஆள் உண்டு. எந்தக் கால் அடைத்திருக்கிறது, எந்தக் குளம் இந்த வருஷம் பெருகவில்லை, ஏன் பெருகவில்லை என்று சொல்லத்தான் ஊர்க்காரர் வேண்டும். இந்தத் தைக்கு ஊருக்கு வந்தால் ஒரு காலையை அதற்கு ஒதுக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம், பழுப்போ பச்சையோ போட்டுக்கொள்ளும். கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் தண்ணீர் மேல் கானல் எழும்பி ஒன்றும் தெரியாது. பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு வாரும். கரையேறுமுன் குனியச் சொல்லிக்கொடும்.